அடுத்த எண் எது? – எண்தொடர் வினாவின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

“பின்வரும் தொடரின் அடுத்த எண் யாது?” என்னும் வினாவை எதிர்கொள்ளாத மாணவர் நம்மிடையே இலர் எனலாம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முதல் அரச சேவைக்கான போட்டிப் பரீட்சைகள் வரை இவ்வினா நம்மை விடாது தொடர்ந்து வருகின்றது. ஆயினும், இது எங்கிருந்து வந்தது, யார் இதனைப் பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டுவந்தனர், இதற்கு ஒரே விடைதான் உண்டா என நாம் கேட்பதில்லை. கணிதத்தைப் பாடமாகக் கொள்ளாத கலைப்பீட மாணவனொருவன் இப்பொருள் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் எண்தொடர் வினா கணிதத்துக்கு மட்டும் உரிய பொருளன்று. மனிதரை மனிதர் அளந்து வகுத்த வரலாற்றிலும் அதற்கோர் இடமுண்டு. அவ்வரலாற்றைச் சுருங்க நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணமாகும்.

இவ்வெண்ணம் எழுந்தமைக்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். ஐந்தாம் வகுப்பில் யான் பயின்ற காலத்தில், மாதிரி வினாத்தாள் ஒன்றிலே 1, 2, 4 என்னும் மூன்று எண்களின் பின் ஒரு புள்ளிக்கோடு இடப்பட்டிருந்தது. யான் 7 என எழுதினேன். ஒன்றுடன் ஒன்றைக் கூட்டினால் இரண்டு. இரண்டுடன் இரண்டைக் கூட்டினால் நான்கு. நான்குடன் மூன்றைக் கூட்டினால் ஏழு என்பது எனது கணக்கு. விடை 8 எனக் கூறப்பட்டது. ஒவ்வோர் எண்ணையும் இரட்டிக்க வேண்டுமாம். “ஏழு ஏன் சரியில்லை, சேர்?” எனக் கேட்டேன். “விடைத்தாளில் எட்டு என்றுதான் இருக்கிறது” என்றார் ஆசிரியர். அவர்மீது குறை கூற யான் விரும்பவில்லை. அவர் கையில் இருந்தது அவ்விடைத்தாள் மட்டுமே. ஆனால் அவ்விடைத்தாளை எழுதியவருக்கு அவ்வதிகாரம் எவ்வாறு கிடைத்தது என்னும் வினா மட்டும் என்னைவிட்டு அகலவில்லை.

பொருளொடு பிறந்த தொடர்கள்

எண்தொடர்கள் முதலில் புதிர்களாகப் பிறந்தவையல்ல. அவை ஏதேனும் ஒரு பொருளை எண்ணும்போது பிறந்தவை. இதற்கு இந்திய யாப்பியல் தரும் சான்று சிறப்பானது. வடமொழி யாப்பில் இலகு எனப்படும் குறிய அசைக்கு ஒரு மாத்திரையும், குரு எனப்படும் நெடிய அசைக்கு இரண்டு மாத்திரையும் கொள்ளப்படும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு எனத் தமிழிலக்கணத்தில் மாத்திரை கற்ற நமக்கு இது அந்நியமானதன்று. குறிப்பிட்ட மாத்திரை அளவுடைய ஓரடியை இவ்விருவகை அசைகளால் எத்தனை விதமாக அமைக்கலாம் என யாப்பியலார் வினவினர். ஒரு மாத்திரைக்கு ஒரு விதம், இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று. விரகாங்கர் என்பாரும், அவருக்குப் பின் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சமண அறிஞர் ஹேமசந்திரரும் இத்தொடரின் விதியைக் கூறியுள்ளனர். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகையாகும் என்பதே அது.

ஏன் அவ்வாறாதல் வேண்டும்? அடியின் இறுதி அசை குறியதாயின் எஞ்சுவது ஒரு மாத்திரை குறைந்த அடி. நெடியதாயின் எஞ்சுவது இரண்டு மாத்திரை குறைந்த அடி. வேறு வழியில்லை. ஆகவே முந்திய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வந்தே தீரும். ஈண்டு நாம் ஊகிப்பது எதுவுமில்லை. பொருளே விதியைத் தருகின்றது. இத்தாலியின் பீசா நகரத்து லெனார்டோ 1202இல் எழுதிய கணித நூலில், ஒரு சோடி முயல்கள் ஓராண்டில் எத்தனை சோடிகளாகப் பெருகும் என்னும் கணக்கு வருகின்றது. அதுவும் இதே தொடரே, விடை 377. பிபொனாச்சித் தொடர் என உலகம் இன்று இதனை அழைப்பினும், ஹேமசந்திரர் அவருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முற்பட்டவர் என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

பொருளை மறந்து எண்களை மட்டும் நோக்கினால் நேரும் இடரை மற்றொரு பழந்தொடர் காட்டுகின்றது. ஆரியபடர் கி.பி. 499இல் இயற்றிய நூலிலே, வட்டத்தின் காற்பகுதியை 24 சம கூறுகளாக்கி, அவற்றுக்குரிய அரைநாண் அளவுகளின் வித்தியாசங்களை வரிசையாகத் தந்துள்ளார். அவ்வரிசை 225, 224, 222, 219, 215, 210 எனத் தொடங்குகின்றது. இதனை வாசகர் ஒரு பரீட்சை வினாவாகக் கொண்டு பார்ப்பாராக. குறைவுகள் முறையே 1, 2, 3, 4, 5. ஆகவே அடுத்த குறைவு 6, விடை 204. விடைத்தாள் எழுதுவோர் எவரும் அவ்வாறே எழுதுவர். ஆனால் ஆரியபடர் தரும் எண் 205. பிழை அவருடையதன்று. அவர் எண்களின் ஒழுங்கைப் பின்பற்றவில்லை, வட்டத்தைப் பின்பற்றினார். ஆறு உறுப்புகள்வரை ஓர் எளிய விதியோடு ஒத்துச்சென்ற வட்டம் ஏழாவதில் அதனைக் கைவிட்டுவிட்டது.

வானமும் பொறியும்

தொடரின் அடுத்த உறுப்பை ஊகிப்பது பயனற்ற செயல் எனக் கூறுதல் என் நோக்கமன்று. அறிவியல் வளர்ச்சியில் அத்தகைய ஊகத்துக்கு உரிய பங்குண்டு. 0, 3, 6, 12, 24, 48, 96 என்னும் எண்களுடன் நான்கைக் கூட்டுக. 4, 7, 10, 16, 28, 52, 100 எனக் கிடைக்கும். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரத்தைப் பத்து எனக் கொண்டால், புதன் முதல் சனி ஈறாக அன்று அறியப்பட்டிருந்த கோள்களின் தூரங்கள் இவற்றோடு பெரிதும் ஒத்துச்செல்கின்றன. 28 என்னும் இடம் மட்டும் வெறுமையாய் இருந்தது. ஜேர்மனியரான ரீற்றியஸ் 1766இலும், போடே 1772இலும் இதனை எடுத்துக்காட்டினர். தொடரின் அடுத்த உறுப்பு 196. 1781இல் ஹேர்ஷல் கண்டறிந்த யுரேனசின் தூரம் ஏறத்தாழ 192. 1801ஆம் ஆண்டின் முதல் நாளில் வெற்றிடமான 28க்கு மிக அண்மையில் சீரிஸ் என்னும் சிறுகோள் அகப்பட்டது. விதி வென்றது என யாவரும் எண்ணினர்.

1846இல் நெப்ரியூன் கண்டறியப்பட்டது. தொடர் கூறியது 388. வானம் காட்டியது 301 அளவில். விதி வீழ்ந்தது. இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. வானியலாளன் தன் ஊகத்தைச் சோதிக்க ஒரு வானம் இருந்தது. இரு தடவை சரியெனவும் ஒரு தடவை பிழையெனவும் கூறியது அந்த வானமே. ரீற்றியசோ போடேயோ அல்லர்.

இதே காலப்பகுதியில் தொடரைக் கணிக்கும் வேலையைப் பொறியிடம் ஒப்படைக்க முயன்றார் ஆங்கிலேயரான சாள்ஸ் பபேஜ். கடற்பயணத்துக்கும் வானியலுக்கும் வேண்டிய அட்டவணைகளை அக்காலத்தில் மனிதரே கணித்தனர், பிழைகள் மலிந்திருந்தன. ஒரு தொடரின் அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசத்தை எடுத்து, அவ்வித்தியாசங்களின் வித்தியாசத்தையும் எடுத்துக்கொண்டே சென்றால், பல தொடர்களில் ஈற்றில் மாறாத ஓர் எண் எஞ்சும். நியூற்றன் காலத்திலேயே நன்கறியப்பட்ட இவ்வுண்மையைப் பபேஜ் பயன்படுத்தினார். 1822இல் அவர் செய்துகாட்டிய சிறு மாதிரிப் பொறி 41, 43, 47, 53, 61 எனத் தொடங்கும் தொடரைக் கணித்தது. வித்தியாசங்கள் 2, 4, 6, 8. அவற்றின் வித்தியாசம் எப்போதும் 2. பற்சில்லுகள் கூட்டலை மட்டும் அறிந்தால் போதும். தொடர் தானே வளரும்.

இத்தொடரிலும் ஒரு பாடம் ஒளிந்திருக்கின்றது. இதன் முதல் நாற்பது உறுப்புகளும் முதன்மை எண்கள். இது கணித மேதை ஒயிலர் 18ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்த செய்தி. நாற்பது எண்களைக் கண்டபின் நாற்பத்தோராவதும் முதன்மை எண்ணே என ஒருவர் துணிவாராயின் அவரைக் குறை கூற எவருக்கு மனம் வரும்? ஆயின் நாற்பத்தோராவது உறுப்பு 1681. அது 41ஐ 41ஆற் பெருக்கக் கிடைப்பது. நாற்பது சாட்சிகள் ஒருமுகமாய்க் கூறியதை அடுத்த சாட்சி மறுத்துவிட்டது.

பபேஜ் இதனையும் கடந்து சென்றார். 1837இல் வெளியிட்ட ஒன்பதாம் பிரிட்ஜ்வாட்டர் நூலில் அவர் ஒரு பொறியைக் கற்பனை செய்யச் சொல்கிறார். பொறி 1, 2, 3, 4 என ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கின்றது. பார்த்திருப்பவர் ஆயிரம், இலட்சம், கோடி எனக் கண்டு சலிக்கிறார். பொறி 100,000,001 வரை இம்மியும் பிசகாது எண்ணுகின்றது. அடுத்து வருவது 100,000,002 அன்று, 100,010,002. அதன் பின் 100,030,003. அதன் பின் 100,060,004. பொறி பழுதடைந்ததா? இல்லை. இம்மாற்றம் தொடக்கத்திலேயே அதனுள் அமைக்கப்பட்டிருந்தது. மேலதிகமாய்ச் சேர்ந்தவை பத்தாயிரத்தின் ஒரு மடங்கு, மூன்று மடங்கு, ஆறு மடங்கு என ஓர் ஒழுங்கிலேயே உள்ளன. பபேஜ் இதனை அற்புதங்கள் இயற்கை விதிக்கு முரணானவை அல்ல என்னும் தமது சமய வாதத்துக்குப் பயன்படுத்தினார். அவ்வாதத்தை ஏற்பினும் மறுப்பினும், அவர் காட்டிய உண்மை மறுக்கவொண்ணாதது. பத்துக் கோடி உறுப்புகளைக் கண்டவரும் விதியைக் கண்டவராகார்.

விடை ஒன்றா, பலவா?

பபேஜின் பொறி மிகைக் கற்பனை எனத் தோன்றலாம். எளிய சான்றொன்று காண்போம். ஒரு வட்டத்தின் பரிதியில் புள்ளிகளை இட்டு, ஒவ்வொரு புள்ளியையும் ஏனைய எல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணைக்க. மூன்று கோடுகள் உள்ளே ஒரே இடத்திற் சந்திக்காதவாறு புள்ளிகளை அமைத்துக்கொள்க. ஒரு புள்ளியாயின் வட்டம் ஒரே பகுதி, இரண்டாயின் 2, மூன்றாயின் 4, நான்காயின் 8, ஐந்தாயின் 16 பகுதிகள். ஆறு புள்ளிகளாயின்? 32 என்று கூறாத மாணவரைக் காண்பது அரிது. பென்சிலை எடுத்து வரைந்து எண்ணினால் 31 தான் வரும். எத்தனை முறை எண்ணினும் 31 தான்.

இதற்குப் பொதுவான விளக்கமும் உண்டு. தரப்பட்ட எண்கள் எத்தனையாயினும், அவற்றின் பின் நாம் விரும்பும் எந்த எண்ணையும் வைத்து, அனைத்தையும் தழுவும் ஒரு சூத்திரத்தை அமைக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேறிங், லக்ராஞ்சு ஆகியோர் தந்த முறைகள் இதற்குப் போதும். 2, 4, 6, 8 என்பதன் அடுத்த எண் 34 என்பேன். உறுப்பின் வரிசை எண்ணை இரட்டித்து, அதனுடன் அவ்வரிசை எண்ணிலிருந்து 1, 2, 3, 4 ஆகியவற்றைத் தனித்தனியே கழித்துப் பெற்ற நான்கு எண்களின் பெருக்கத்தைக் கூட்டுக. முதல் நான்கு இடங்களில் அப்பெருக்கம் பூச்சியமாகி 2, 4, 6, 8 கிடைக்கும். ஐந்தாம் இடத்தில் அது 24 ஆகி, 10 உடன் சேர்ந்து 34 ஆகும். இது விதண்டாவாதம் எனப்படலாம். 10 என்பதே எளிய விடை என்பதை யானும் மறுக்கவில்லை. ஆனால் ‘எளிய விடை’ வேறு, ‘சரியான விடை’ வேறு. எது எளியது என்பதை எண்கள் கூறுவதில்லை. அவற்றை நோக்கும் மனிதர் கூறுகின்றனர்.

மெய்யியலாளர் விற்கென்ஸ்ரைன், அவர் மறைந்தபின் 1953இல் வெளிவந்த நூலில் இச்சிக்கலை ஆராய்ந்தார். இரண்டு இரண்டாகக் கூட்டும்படி பணிக்கப்பட்ட மாணவன் ஒருவன் 1000 வரை நாம் எதிர்பார்த்தவாறே செல்கிறான்; பின்னர் 1004, 1008 என எழுதுகிறான். தான் முன்போலவே செய்வதாக அவன் கருதுகிறான். அவனை மறுக்க, இதுவரை எழுதிய எண்கள் மட்டும் நமக்குப் போதா. ஒரு விதியைப் பின்பற்றுதல் என்பது ஒரு சமூகத்தின் வழக்கத்தோடும் பயிற்சியோடும் பிணைந்தது என்பது அவரது ஆய்வின் உட்கிடை. இதனை ஏற்றால், எண்தொடர் வினாவுக்குச் சரியான விடை எழுதும் பிள்ளை அறிந்திருப்பது எண்ணை மட்டுமன்று. வினா எழுதியவரின் வழக்கத்தையும் அது அறிந்திருக்கின்றது. அவ்வழக்கத்தோடு பழகாத பிள்ளையின் நிலை யாது? இவ்விடத்திலேதான் நமது பொருள் கணிதத்தை விட்டுச் சமூக வரலாற்றினுட் புகுகின்றது.

பரீட்சை மண்டபத்தினுள்ளே

பிரெஞ்சு உளவியலாளர் அல்பிரட் பினே, சைமன் என்பவருடன் இணைந்து 1905இல் தமது நுண்மதி அளவீட்டை வெளியிட்டார். பாடசாலையில் பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு, அவர்களுக்குத் தனிக் கவனஞ் செலுத்துவதே அவரது நோக்கம். நுண்மதி மாறாத ஓர் அளவு என்னும் கருத்தை அவர் கடிந்துரைத்தார். 1911இல் அவர் மறைந்தார். அவருடைய கருவி அத்திலாந்திக் கடலைக் கடந்தபோது அவரது எச்சரிக்கை கடக்கவில்லை எனலாம்.

1917இல் ஐக்கிய அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியது. உளவியலாளர் றொபேட் யேர்க்கிஸ் தலைமையில் ஒரு குழு கூடி, படைக்குச் சேர்க்கப்படுவோரைக் கூட்டங்கூட்டமாகச் சோதிக்கும் வினாத்தாள்களை அமைத்தது. எழுத வாசிக்க அறிந்தோர்க்கு அல்பா, அறியாதோர்க்குப் பீற்றா. அல்பாவின் எட்டுப் பகுதிகளுள் ஆறாவது எண்தொடர் நிரப்பல். இருபது தொடர்கள், ஒவ்வொன்றிலும் அடுத்துவரும் இரண்டு எண்களை எழுதுதல் வேண்டும். வழங்கப்பட்ட நேரம் மூன்று நிமிடம். ஒரு தொடருக்கு ஒன்பது வினாடி! 3, 6, 8, 16, 18, 36 போன்றவை அதில் இடம்பெற்றன. இரட்டித்தலும் இரண்டைக் கூட்டுதலும் மாறிமாறி வருவதைக் கண்டு 38, 76 என எழுத வேண்டும். பண்ணையில் உழைத்தவரும், அண்மையிற் கப்பலில் வந்திறங்கியவரும், பென்சில் பிடித்துப் பழகாதவரும் அக்கூட்டத்தில் இருந்தனர். ஏறத்தாழ பதினேழு இலட்சம் பேர் இவ்வாறு சோதிக்கப்பட்டனர்.

1921இல் யேர்க்கிஸ் பெரியதோர் அறிக்கை வெளியிட்டார். வெள்ளையினப் படையினரின் சராசரி உளவயது பதின்மூன்று என அது கூறியது. ஒரு நாட்டின் வளர்ந்த ஆண்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஒப்பானவர் என்னும் முடிவு கிடைத்தபோது, அளவுகோலை ஐயுறுவதே அறிவுடைமை. ஆனால் பலர் மனிதரை ஐயுற்றனர். குடியேறியோருள் நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தோர் கூடிய புள்ளிகளும், புதிதாய் வந்தோர் குறைந்த புள்ளிகளும் பெற்றிருந்தனர். மொழியும் பழக்கமுமே காரணம் என்பது வெளிப்படை. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காள் பிறிகாம் 1923இல் எழுதிய நூலிலோ இதற்கு வேறு காரணம் கூறினார். பின்னர் வந்தோர் தாழ்ந்த இனத்தவர் என்பதே அவரது முடிவு. 1924இல் அந்நாடு குடிவரவுச் சட்டம் இயற்றி, 1890ஆம் ஆண்டுக் குடித்தொகையை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு நாட்டவருக்கும் இரண்டு வீத அளவு வகுத்தது. தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் இதனாற் பெரிதும் தடுக்கப்பட்டனர். அச்சட்டத்துக்கு இச்சோதனைகள் எவ்வளவு காரணமாயின என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இனவாதத்துக்கு எண்களின் ஆடையை அணிவித்தவை அவை என்பதில் ஐயமில்லை.

அதே பிறிகாம் 1926இல் கல்லூரி அனுமதிக்கான புதிய தேர்வை அமைத்தபோது அதிலும் எண்தொடர் ஒரு பகுதியாய் இடம்பெற்றது. 1930இல் அவர் தமது முன்னைய முடிவுகளைத் தாமே மறுத்து, தமது ஆய்வுக்கு அடித்தளமில்லை என எழுதினார். தம் பிழையை ஒப்புக்கொண்ட அவரது நேர்மை பாராட்டற்குரியது. ஆனால் சட்டம் தன் பிழையை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அந்நாட்டு ஒதுக்கீட்டு முறை 1965ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஒழிக்கப்பட்டது.

கதவைத் திறந்த கருவி

ஒரு பக்கத்தை மட்டும் கூறுவது வரலாறாகாது. இங்கிலாந்தில் இதே கருவி வேறொரு நோக்குடன் கையாளப்பட்டது. கொட்பிறே தொம்சன் என்பவர் தாயால் வளர்க்கப்பட்டு, உதவித்தொகை பெற்றுக் கற்றவர். நோர்தம்பர்லாந்துப் பகுதியின் நாட்டுப்புறப் பாடசாலைகள் பலவற்றிலிருந்து இடைநிலைக் கல்விக்கு விண்ணப்பிப்போரே இல்லாதிருந்தனர். அங்கு மறைந்து கிடக்கும் திறமையைக் கண்டறியவே 1921இல் அவர் நுண்மதிச் சோதனையை அமைத்தார். நல்ல ஆசிரியரோ நூல்களோ இல்லாத பிள்ளையும் எண்களின் ஒழுங்கைக் காணக்கூடும் என்பது அவரது நம்பிக்கை. பாடநூல் அறிவைச் சோதித்தால் வசதியுள்ளவரே வெல்வர்; சிந்தனையைச் சோதித்தால் ஏழையும் வெல்வான் என்னும் இவ்வெண்ணம் உயர்ந்தது.

நமது நாட்டிலும் இதற்கொப்பான எண்ணமே செயற்பட்டது. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர காலத்தில் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுள் திறமையானோரைத் தெரிந்து, அக்கல்லூரிகளில் தங்கிப் பயில உதவுவதற்காகவே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பிறந்தது. அதனால் உயர்ந்தோர் பலர். அவர்களுட் சிலரிடம் யாம் இப்பல்கலைக்கழகத்திலேயே கற்றிருக்கக்கூடும்.

ஆனால் கருவி நெடுங்காலம் ஓரிடத்திற் கிடந்தால், அதனைக் கையாளும் வழியைப் பழகியோர் அதனை வென்றுவிடுவர். 1950களின் தொடக்கத்திலேயே உளவியலாளர் பிலிப் வேர்னன், பயிற்சியினால் நுண்மதிச் சோதனைப் புள்ளிகள் உயர்கின்றன என இங்கிலாந்தில் எடுத்துக்காட்டினார். பிறவி அறிவை மட்டும் அளப்பதாயின் பயிற்சியால் அது உயர்தல் எவ்வாறு? நம் நாட்டில் இதற்கு ஆய்வு வேண்டியதில்லை. ரியூசன் வகுப்பு ஒன்றின் வாயிலில் நின்றாற் போதும். கூட்டல் தொடர், இரட்டித்தல் தொடர், சதுர எண் தொடர், முக்கோண எண் தொடர், ஒன்றுவிட்டொன்று செல்லும் தொடர் எனச் சிறுவர்க்கு வகைவகையாய் மனனஞ் செய்விக்கப்படுகின்றது. அங்கு செல்லும் பிள்ளை வினாவைக் கண்டதும் அதன் வகையை அறிந்துகொள்கின்றது. செல்ல இயலாத தோட்டத்துப் பிள்ளையும், இடம்பெயர்ந்து முகாமிலிருந்து பள்ளிக்குச் சென்ற பிள்ளையும் அதே ஒரு நிமிடத்தில் அதனைத் தானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. ஏழைக்கெனத் திறந்த கதவின் திறவுகோல் இவ்வாறு மெல்ல மெல்லக் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

மாவட்டந்தோறும் வெட்டுப்புள்ளி வேறுபடுதல் இக்குறையை ஓரளவு உணர்ந்ததன் அடையாளமே. எனினும் வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி கீழே நின்ற பத்து வயதுப் பிள்ளையிடம், ‘நீ கெட்டிக்காரப் பிள்ளையன்று’ என ஊர் கூறுவதை எந்த வெட்டுப்புள்ளியும் தடுக்கவில்லை. நிலை இவ்வாறிருக்க, சரியான காரணத்தோடு 7 என எழுதியதால் அப்புள்ளியை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை விடைத்தாள்கள் நமக்குக் கூறா.

முடிவுரை

1964இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த நீல் சுலோன், தமது ஆய்விலே எழுந்த தொடரொன்றின் விதியை அறியவொண்ணாது, எண்தொடர்களைச் சேகரிக்கத் தொடங்கினார். 1973இல் அவர் வெளியிட்ட கைந்நூலில் 2,372 தொடர்கள் இருந்தன. 1996 முதல் இணையத்தில் வளர்ந்துவரும் அத்தொகுப்பு இன்று மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்களைக் கொண்டது. அங்கு 1, 2, 4 எனத் தேடுவோர்க்கு ஒரு விடை கிடைப்பதில்லை. பல்லாயிரம் தொடர்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் அது எதனை எண்ணுகின்றது என்னும் விளக்கம் உண்டு. பின் 7 வருவதும் உண்டு. 8 வருவதும் உண்டு. ஒரு வட்டமான அப்பத்தைக் கத்தியால் நேராக வெட்டுந்தோறும் ஆகக்கூடியது எத்தனை துண்டுகள் கிடைக்கும் எனக் கேட்டால் 1, 2, 4, 7 என்பதே விடை என்பதையும் அங்கு காணலாம். பல்லாண்டுகளுக்குப் பின் என் ஏழுக்கு ஒரு வீடு இருப்பதை அறிந்து மகிழ்ந்தேன்.

ஹேமசந்திரர் எண்களுக்குப் பின்னால் அசைகளை வைத்தார். ஆரியபடர் வட்டத்தை வைத்தார். வானியலாளர் வானத்தை வைத்தனர். அவர்களின் விடையைச் சோதிக்க எவருக்கும் வழியிருந்தது. பரீட்சை வினாவோ எண்களை அவற்றின் பொருளிலிருந்து பிரித்து, வெறும் எண்களாய் நிறுத்தி, அவற்றின் பின்னால் வினா எழுதியவரை வைத்தது. விளையாட்டாய் இருக்கும்வரை இதில் தீங்கில்லை. புதிர் அறிவுக்கு விருந்தே. அதனைக் கொண்டு மனிதரின் தகுதியைத் தீர்க்கும்போதே தீங்கு நேர்கின்றது.

ஆகவே இவ்வினாவை ஒழித்தல் வேண்டும் என யான் கூறவில்லை. விடைக்கு அருகில் ‘ஏன்?’ என எழுத ஒரு கோடு இடுக. ஏற்ற காரணம் தரும் விடைக்குப் புள்ளி வழங்குக. இலட்சக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தும்போது இஃது எளிதன்று என்பர். உண்மையே. ஆனால் வகுப்பறையில் இருப்பவை இலட்சக்கணக்கான விடைத்தாள்கள் அல்ல, நாற்பது பிள்ளைகள். நம்முள் பலர் நாளை ஆசிரியராகச் செல்லவிருப்போர். நம் முன்னே ஒரு பிள்ளை எழுந்து “ஏழு ஏன் சரியில்லை, சேர்?” எனக் கேட்கும் நாள் வரும். அன்று விடைத்தாளை மூடிவைத்து, “நீ எப்படிக் கணக்குப் பார்த்தாய், சொல்லு” எனக் கேட்க நம்மால் இயலுமாயின், அதுவே போதும்.